அந்த வாளி எங்கள் வீட்டில் இருக்கிறது

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். ‘பழம்பெரும் பண்ணை மாளிகையைக் காப்பது குடும்பமா, அறக்கட்டளையா?’ நான் குடும்பத்தின் கட்சி.

எதிரணி அக்கா சொன்னார்: “குடும்பத்திடம் விட்டால் கூரை ஒழுகும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாளியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.” கைதட்டினீர்கள். அக்கா, ஒழுகுகிற வீட்டில் வாளியோடு நிற்க முதலில் ஆள் வேண்டுமே!

இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகை. 1549 முதல் கேவென்டிஷ் குடும்பத்து நிலம். 1950-ல் பத்தாவது டெவன்ஷயர் கோமகன் திடீரென்று இறந்தார். வாரிசு வரி 80 சதவீதம்! நூறு வெள்ளியில் எண்பதை எண்ணி வைக்க வேண்டும். மகன் என்ன செய்தார்? நிலத்தை விற்றார். ஓவியங்களைக் கொடுத்தார். ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையையே வரிக்கு ஈடாகக் கொடுத்தார். சாட்ஸ்வொர்த்தை மட்டும் விடவில்லை. 1977-ல் அவர் மனைவி பண்ணைக் கடை திறந்தார். கோமகள் கடை வைக்கிறார் ஐயா, வீட்டைக் காப்பாற்ற! இன்று அறக்கட்டளைதானே நடத்துகிறது என்பீர்கள். 1981-ல் அதை அமைத்ததே அந்தக் குடும்பம்தான்.

நம் பினாங்கு லெய்த் தெரு நீல மாளிகையை வெளியார் வாங்கித்தான் மீட்டார்கள் என்றார் அக்கா. உண்மை. அருமையான பணி, 2000-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஆனால் அவர்கள் வாங்குவதற்கு அங்கே மாளிகை நின்றதே, எப்படி? கடைசி மகன் இருக்கும்வரை விற்கக்கூடாது என்று அதைக் கட்டிய செல்வந்தர் சியோங் ஃபாட் ட்ஸெ உயில் எழுதி வைத்ததால் நின்றது.

சரி, வாளிக்கு வருகிறேன். அதை விட மாட்டேன்.

எஸ்டேட் என்றால் எங்கள் பாட்டிக்கு மாளிகை இல்லை. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்தார்கள், மிஞ்சியது மாரியம்மன் கோயில். தகரக் கூரை. மழை வந்தால் சரியாக அம்மன் தலைக்கு மேலே ஒழுகும். பாட்டி ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த காலத்துப் பால் வாளியைக் கொண்டுபோய் மேலே கட்டித் தொங்கவிட்டார் அப்பா. வெள்ளிக்கிழமைதோறும் பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போவார். அதே வாளியை இறக்குவார், அதே மழைத்தண்ணீரில் தரையைக் கழுவுவார், திரும்பக் கட்டுவார். சித்தப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்தது உண்மைதான் அக்கா. “இந்த வாரம் என் முறை” என்று வந்த சண்டை!

அப்பா போன பிறகு கூரை மாற்றினோம். ஒழுகவில்லை. வாளியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த பாலை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “வெள்ளிக்கிழமை யாருடா போறது?”

நான் போகிறேன் பாட்டி.

நன்றி, வணக்கம்.