ஆலமரத்தடியில் தொடங்கிய வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். நெஞ்சில் நிற்கும் ஒரு வழக்கைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் வாச்சாத்தி.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்தோடு சேர்த்து நினைத்துவிடாதீர்கள். இவர்கள் நம் மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள்.

1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆண்களில் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி.

கொடுமை அதோடு தீரவில்லை. சந்தனம் கடத்தியதாக வழக்குப் போட்டு, அந்தப் பெண்களையே சேலம் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் வெளியே வந்தபோது ஊர் ஊராக இல்லை. வீடுகள் நொறுங்கிக் கிடந்தன. குடிக்கிற கிணற்றில் டீசல் ஊற்றியிருந்தார்கள். ஆட்டையும் கோழியையும் காணவில்லை.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு சொன்னது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. அக்கட்சியின் தலைவர் நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். 1995இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். நமக்கு யாராவது ஒரு கடுஞ்சொல் சொன்னாலே அதை வெளியில் சொல்லக் கூசுகிறோம். அந்தப் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைப் போலீசிடம் சொன்னார்கள், பட்டியலின, பழங்குடியினர் ஆணையத்திடம் சொன்னார்கள், சிபிஐயிடம் சொன்னார்கள். பிறகு கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைந்து குடைந்து கேட்டபோதும் சொன்னார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்வந்த வாழ்க்கை அது. அந்த 18 பேரும் பின்வாங்கியிருந்தால் வழக்கே இல்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருவர்கூட விடுதலையாகவில்லை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது.

மேல்முறையீடு இன்னும் 12 வருஷத்தை விழுங்கியது. அதை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023 மார்ச்சில் நேரே வாச்சாத்திக்கே போனார். கட்டு கட்டாகக் காகிதங்கள் முன்னால் இருந்தும், அந்த மண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்காக நான் அவரை வணங்குகிறேன். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீடுகள் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

பள்ளிக்கூட வயதில் ஏரிப் பக்கம் இழுத்துப் போகப்பட்ட அந்தச் சிறுமிக்கு, இந்தத் தீர்ப்பு வந்தபோது நாற்பது வயது கடந்திருந்தது.

வணக்கம்.