அளந்தது போதும், போடுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் அரங்கைத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கும் லினக்ஸ் பயனர் குழுத் தோழர்களே, பின்னால் ஒயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். மைக்செட்காரருக்கும் நன்றி. அவருக்கு யாரும் சொல்வதில்லை.

தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டுக்கு பட்ஜெட் ஒப்புதல் தருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: யார் தருவது, எப்போது தருவது, மீந்த பணத்தை என்ன செய்வது.

யார் என்பதற்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் வகைக் கணினி இயங்குதளமான டெபியனைப் பாருங்கள். 2000-ல் பிரான்ஸின் போர்தோவில் தொடங்கிய அதன் டெப்கான் மாநாடு 2023-ல் கொச்சிக்கு வந்தது. உங்களில் சிலர் போயிருப்பீர்கள். டெபியன் தன் பணத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் பதிவான எஸ்பிஐ (SPI, Software in the Public Interest; நம்ம ஸ்டேட் பேங்க் இல்லை) போன்ற அமைப்புகள் அதற்காக வைத்திருக்கின்றன. மாநாட்டு பட்ஜெட்டுக்குச் சரி சொல்பவர், ஆண்டுதோறும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் திட்டத் தலைவர். பணம் ஓரிடம், முடிவு ஓரிடம், உழைப்பு ஓரிடம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார் என் பாட்டி. அளப்பதற்கு இது நல்ல ஏற்பாடுதான்.

எப்போது? இதற்கு ஒரு கதை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டுக்கு நான் பொருளாளர். ஊரும் பெயரும் வேண்டாம். 200 பேர், இரண்டு நாள். பட்ஜெட் தாளை ஒப்புதல் தருபவர்களுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "ஒரு நாளைக்கு மூன்று டீ எதற்கு? இரண்டு போதாதா?" டீ 12 ரூபாய். அந்த மூன்றாவது டீக்கு இரண்டு நாளுக்கும் கணக்குப் போட்டால் 4,800 ரூபாய். இதற்கு மூன்று வாரம் விவாதம். சர்க்கரை போடாத டீக்குத் தனி விலையா என்றுகூட ஒருவர் கேட்டார். மண்டப வாடகை 60,000 என்று எழுதியிருந்தேன். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 10,800 ரூபாய், நான் சேர்க்க மறந்துவிட்டேன். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை! எல்லோர் கண்ணும் டீ கிளாஸில்.

சனிக்கிழமை மாநாடு. ஒப்புதல் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது, பணம் வரவில்லை. சமையல்காரர், "சார், 20,000 கையில் வந்தால்தான் மளிகை இறக்குவேன்" என்கிறார். வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றேன். சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, "மாநாடு உங்களுது, சங்கிலி மட்டும் என்னுதா?" என்றார். (சிரிக்காதீர்கள், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.) சாம்பார் சாதம் பிரமாதமாக இருந்தது. பணம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அடகுக் கடை வட்டியையும் எழுதிக் கேட்டேன். "அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இல்லை" என்றார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. சரி பாட்டி, ஆனால் போடத்தானே அளக்கச் சொன்னாய்? படியைக் கையில் பிடித்தபடி கரையிலேயே நிற்கிறார்களே!

எனக்காவது அடகு வைக்கச் சங்கிலி இருந்தது. கிராமத்திலிருந்து வரும் மாணவியிடம், "முதலில் உன் காசில் டிக்கெட் எடு, பில் கொடு, அப்புறம் தருகிறோம்" என்கிறோம். அவள் வீட்டில் அந்த 900 ரூபாய் ஒரு வாரச் செலவு. அவள் வருவதில்லை. நாமோ, பெண்கள் ஏன் வருவதில்லை என்று தனி அமர்வு வைத்துப் பேசுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மாநாட்டுக்கு 60 நாள் முன்னால் ஒப்புதல் வர வேண்டும். பாதிப் பணம் முன்பணமாகப் பொருளாளர் கைக்கு வர வேண்டும். மாணவர் பயணச் செலவு முழுக்க முன்கூட்டியே போக வேண்டும். பில் வராமல் போனால்? சில வராது. அதையும் அளந்தே எழுதி வைப்போம்.

தலைவர் மணியை அடித்துவிட்டார். மீந்த பணம் பற்றிச் சொல்ல நேரமில்லை. எனக்குத் தெரிந்து எதுவும் மீந்ததும் இல்லை. தீர்மானத் தாள் வெளியே டீ மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பேனா என்னுடையது, அங்கேயே வைத்துவிடுங்கள்.