கஸ்டம் ரோம் போடுவதற்கு முன்னால்: திரும்பி வர வழி இருக்கிறதா?

[மேசையில் ஒரு பழைய டேப்லெட், ஒரு லேப்டாப். நடுவில் யூஎஸ்பி கேபிள், இன்னும் சொருகவில்லை.]

இந்த டேப்லெட்டின் திரையில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரியும் ஒரு நாள் தாங்குகிறது. ஆனால் தயாரித்த நிறுவனம் அப்டேட் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. புதிய ஆப் எதைப் போடப் போனாலும், உங்கள் ஆண்ட்ராய்டு பழையது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது. அதனால் இதில் லீனியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமை, அதாவது தயாரித்த நிறுவனத்துக்கு வெளியே உருவாக்கிய ஆண்ட்ராய்டை, போடப் போகிறோம். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற பழைய கஸ்டம் ரோம் மூடப்பட்டபோது, அதைத் தொடர்ந்து எடுத்து நடத்த வந்த திட்டம் இது.

ஃப்ளாஷ் செய்கிற, அதாவது கருவிக்குள் மென்பொருளை எழுதுகிற, வேலை கால் மணி நேரம்தான். ஆனால் இந்த வீடியோவில் பாதி தாண்டும்வரை கேபிளைச் சொருக மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். போன் உயிரில்லாமல் செங்கல்லாகிவிட்டது என்று வருகிறவரிடம் நடந்ததைக் கேட்டுப் பாருங்கள். ஃப்ளாஷ் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டிருப்பார்.

[திரையில் நீளமான ஒரு கட்டம். அதற்குள் சிறிதும் பெரிதுமாக அறைகள்.]

போனின் சேமிப்பகம் ஒரே பெட்டி இல்லை. பார்ட்டிஷன் என்று பல அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு இருப்பது சிஸ்டம். வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் இருப்பது பூட். கேமரா, சென்சார் போன்றவற்றை ஓட்டும் டிரைவர்கள் வெண்டரில். உங்கள் படங்களும் ஆப் தகவல்களும் யூசர்டேட்டாவில். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண்விழித்து மற்றவற்றை எழுப்பிவிடுவது பூட்லோடர். கஸ்டம் ரோம் மாற்றி எழுதுவது சிஸ்டம், பூட் போன்றவற்றைத்தான். அவை கெட்டுப்போனால் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குத்தான் பூட்லூப் என்று பெயர். பார்க்கப் பயமாக இருந்தாலும், பூட்லோடர் உயிரோடு இருக்கிறவரை மறுபடி எழுதிச் சரிசெய்துவிடலாம்.

என் பயமெல்லாம் சின்ன அறைகளைப் பற்றித்தான். சாம்சங்கில் ஈஎஃப்எஸ். குவால்காம் சிப் உள்ளவற்றில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, பெர்சிஸ்ட். மீடியாடெக்கில் என்விராம். அளவில் மிகச் சின்னவைதான். ஆனால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, நெட்வொர்க் அமைப்புகள், சென்சார் அளவீடுகள் எல்லாம் இவற்றில் இருக்கின்றன. இவை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. தொலைத்துவிட்டால் இணையத்தில் எங்கே தேடினாலும் உங்கள் போனுக்கான பிரதி கிடைக்காது.

மீடியாடெக் கருவிகளுக்கான எஸ்பி ஃப்ளாஷ் டூலில் 'ஃபார்மேட் ஆல் பிளஸ் டவுன்லோட்' என்று ஒரு தேர்வு உண்டு. எல்லாம் சுத்தமாகிவிடும், நல்லதுதானே என்று நினைத்து அதை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஎம்இஐயும் சேர்ந்தே சுத்தமாகியிருப்பது அப்புறம் சிம் போடும்போதுதான் தெரியும். அங்கே 'டவுன்லோட் ஒன்லி' போதும்.

[ஒரே பெயர் எழுதிய நான்கு டேப்லெட் படங்கள்.]

சரி, உங்கள் கையில் இருப்பது எந்தக் கருவி? பெட்டியில் உள்ள பெயரைச் சொல்லாதீர்கள், அது விளம்பரத்துக்கு வைத்த பெயர். கூகுள் விற்ற நெக்ஸஸ் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, கருவிகள் நான்கு. 2012-இல் வந்த வைஃபை மாடலின் கோட்நேம், அதாவது தயாரிப்பாளர்கள் உள்ளே வைத்த பெயர், குரூப்பர், அதிலேயே சிம் போடுகிற மாடல் டிலாபியா. 2013-இல் வந்த வைஃபை மாடல் ஃப்ளோ, எல்டிஇ மாடல் டெப். முதல் வருடத்துக் கருவியில் என்விடியா டெக்ரா சிப், அடுத்த வருடத்தில் குவால்காம் சிப். குரூப்பருக்குச் செய்ததை ஃப்ளோவில் போட முடியாது. டேப்லெட்டுகளில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே டேப்லெட் சிம் உள்ளது, இல்லாதது என்று இரண்டாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது.

செட்டிங்ஸில் மாடல் எண்ணைப் பாருங்கள். கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை கொடுக்கும் ஃபாஸ்ட்பூட் முறை உள்ள கருவியென்றால் கணினியில் 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் புராடக்ட்' என்று கேட்டும் உறுதிசெய்யலாம். ரோமுக்கான கோப்பே கோட்நேமைச் சரிபார்க்கும். பொருந்தவில்லை என்றால் ரிகவரியில், அதாவது ரோமை ஏற்றவும் தகவலை அழிக்கவும் உதவும் தனிச் சிறு நிரலில், 'எரர் 7' என்று நிறுத்திவிடும். அந்தச் சோதனை வரியை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று சொல்லித்தரும் வீடியோக்கள் இருக்கின்றன. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த வரி உங்கள் போனைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறது.

அடுத்து, பூட்லோடரைத் திறக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' இருக்க வேண்டும். மங்கலாகக் கிடந்து அழுத்த முடியவில்லை என்றால், தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக வாங்கிய போனாக இருக்கலாம். ஷாவ்மியில் அக்கவுண்டை இணைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹுவாவே 2018-இல் அன்லாக் கோடு தருவதையே நிறுத்திவிட்டது. சாம்சங் விஷயம் வேறு: அதிகாரப்பூர்வமில்லாத மென்பொருளைப் போட்டதும் நாக்ஸ் என்கிற சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான மின்னணு ஃப்யூஸ் எரிந்துவிடும். பிறகு பழைய ஒரிஜினல் மென்பொருளையே திரும்பப் போட்டாலும் எரிந்தது எரிந்ததுதான். தனிப்பட்ட கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் அந்தக் கருவியில் இனி திறக்காது.

இழப்புகள் இன்னும் இரண்டு இருக்கின்றன, யோசித்துக்கொள்ளுங்கள். பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுபிடிக்கும். அதை நம்பியிருக்கும் வங்கி ஆப்கள் மறுக்கலாம். சில கருவிகளில் படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் வைட்வைனின் நிலை எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும், படம் பார்க்கும் ஆப்களில் எச்டி போய்விடும். தினமும் பணம் அனுப்பப் பயன்படும் ஒரே போன் இதுதான் என்றால், என்னைக் கேட்டால், இதைத் தொடவே வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய டேப்லெட்டில் ஆரம்பியுங்கள்.

[ஒரு வெற்றுக் கோப்புறை. 'இதில் கோப்புகள் இல்லை'.]

பேக்கப் பற்றி நான் பேசுவது பட்டுத் தெரிந்துகொண்டதால். முதல் முறை ஃப்ளாஷ் செய்தபோது ரிகவரியில் முழு பேக்கப் எடுத்தேன். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. நிம்மதியாக, உள்ளிருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மேட் டேட்டாவைக் கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது: பேக்கப்பை வைத்திருந்ததே போனின் உள் சேமிப்பகத்தில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டிடபிள்யூஆர்பி மாதிரியான ரிகவரியில் 'டேட்டா' பேக்கப் எடுத்தால் ஆப்களின் தகவல் வரும், உள் சேமிப்பகத்தில் இருக்கும் படங்களும் வீடியோக்களும் வராது. ஆகவே அவற்றைக் கையாலேயே கணினிக்கு நகல் எடுங்கள். எடுத்த பிறகு நான்கைந்து படங்களைக் கணினியில் திறந்தும் பாருங்கள்.

பூட்லோடரைத் திறக்கும்போதே எல்லாம் அழிந்துவிடும், இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பைப் பலர் மறந்துவிடுவார்கள். அதை முதலில் வேறு போனுக்கு மாற்றுங்கள். கூகுள் கணக்கையும் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தும்.

இப்போது நான் எதையும்விட முக்கியமாக நினைப்பது. புதிய ரோமைப் பதிவிறக்குவதற்கு முன்னால் பழையதைப் பதிவிறக்குங்கள். உங்கள் மாடலுக்கு நிறுவனம் தந்த ஒரிஜினல் மென்பொருளான ஃபர்ம்வேர், அதைப் போடும் கணினி நிரல், இரண்டும் கணினியில் இருக்க வேண்டும். பிக்சலுக்கு இதை ஃபேக்டரி இமேஜ் என்ற பெயரில் கூகுளே தருகிறது. சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. டவுன்லோட் மோடில் வைத்து ஓடின் என்ற கணினி நிரல் மூலம் போடுவார்கள். அங்கே சிஎஸ்சி கோப்பைக் கொடுத்தால் எல்லாம் அழியும், ஹோம் சிஎஸ்சி கொடுத்தால் தகவல்கள் நிற்கும். உங்கள் கருவிக்கு ஒரிஜினல் ஃபர்ம்வேர் எங்குமே கிடைக்கவில்லை என்றால் நான் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

கிடைத்தாலும் பதிப்பைப் பாருங்கள். ஆன்டி ரோல்பேக் என்று ஒன்று இருக்கிறது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், அதற்குத் திரும்பவே முடியாதபடி சிப்புக்குள் ஒரு எண்ணை ஏற்றிவிடுவார்கள். 2022-இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசையில் கூகுள் இதைத்தான் செய்தது. புதிய பூட்லோடர் ஏறியபின் பழைய ஆண்ட்ராய்டு 12 ஃபர்ம்வேரைப் போட முடியாது. எண் குறைவான ஃபர்ம்வேரை வலுக்கட்டாயமாக எழுதினால் சில கருவிகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

பதிவிறக்கிய கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண்ணை, வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கோப்பு வழியில் கெட்டுப்போகவில்லை என்று இது சொல்லும். கோப்பைத் தந்தவர் நல்லவரா என்று சொல்லாது. ஆகவே ரோம் செய்பவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

[கேபிளைச் சொருகும் கை.]

சரி, இப்போது சொருகலாம். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியிலேயே நேராகச் சொருகுங்கள். 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று கேட்டால் கருவியின் எண் வர வேண்டும். வரவில்லையா? கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன.

'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்'. திரையில் எச்சரிக்கை வரும், வால்யூம் பட்டனால் சம்மதம் சொல்ல வேண்டும். இனி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை வரும். அது கோளாறு இல்லை. அடுத்து ரிகவரியை எழுத வேண்டும். ஏ, பி என்று இரண்டு ஸ்லாட், அதாவது முக்கிய அறைகள் இரண்டு தொகுதியாக, உள்ள பல கருவிகளில் ரிகவரிக்குத் தனி அறை கிடையாது, அது பூட் அல்லது வெண்டர் பூட் என்ற அறைக்குள் இருக்கும். எதில் எழுத வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். உங்கள் கோட்நேமுக்கான குறிப்பைத்தான் பார்க்க வேண்டும், என்னுடையதைப் பார்த்து அடிக்காதீர்கள். இரண்டு ஸ்லாட் கருவிகளில் ரோம் மறு ஸ்லாட்டில்தான் ஏறும். அங்கே பழைய ஃபர்ம்வேர் கிடந்தால் சிக்கல். அதனால்தான் சில கருவிகளுக்கு 'காப்பி பார்ட்டிஷன்ஸ்' என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். வெட்டி வேலை மாதிரி தெரியும், தாண்டிவிடாதீர்கள்.

ரிகவரிக்குள் போய் ஃபார்மேட் டேட்டா. பிறகு கணினியிலிருந்து ரோமை அனுப்பும் கட்டளை: 'ஏடிபி சைட்லோட்', பக்கத்தில் கோப்பின் பெயர்.

[கணினித் திரை: 47 சதவீதம்.]

பாருங்கள், 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் பதறிக் கேபிளைப் பிடுங்குவார்கள். வேலை வெற்றிகரமாக முடிந்தும் கணினியில் இப்படி 47-இல் நிற்பது உண்டு. கணினியைப் பார்க்க வேண்டாம், டேப்லெட்டின் திரையைப் பாருங்கள். அங்கே பிழை எதுவும் சொல்லாமல் முடித்திருந்தால் முடிந்தது. கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் இப்போதே போட்டுவிட வேண்டும், முதல் முறை ஆன் செய்வதற்கு முன்னால். ஒரு முறை ஆன் செய்துவிட்டு அப்புறம் போட்டால் ஆப்கள் வரிசையாக நின்றுபோகும், மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டி வரும்.

முதல் முறை ஆன் ஆவதற்குக் கால் மணி நேரம்வரை பொறுங்கள். அதற்கு மேலும் லோகோ சுற்றினால் ரிகவரிக்குத் திரும்பிப் போய் ஃபார்மேட் டேட்டா செய்து மறுபடி போடுங்கள். என் அனுபவத்தில் ஃபார்மேட்டை மறந்ததுதான் அடிக்கடி காரணம்.

டேப்லெட் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு விஷயம். எல்லாம் முடிந்ததும் அந்த ஆரஞ்சு எச்சரிக்கை கண்ணை உறுத்தும். பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். பூட்டாதீர்கள். பூட்டிய பூட்லோடர், தனக்குத் தெரிந்த கையெழுத்து இருக்கும் மென்பொருளைத்தான் உள்ளே விடும். உங்கள் ரோமில் இருப்பது அதற்குத் தெரியாத கையெழுத்து. ஆரஞ்சு போய் சிவப்பு வரும், ஆண்ட்ராய்டு ஏறாது. ஓஇஎம் அன்லாக்கிங்கும் அணைந்திருந்தால் மறுபடி திறக்கவும் முடியாது. அதை ஆன் செய்ய ஆண்ட்ராய்டுக்குள் போக வேண்டும், ஆண்ட்ராய்டோ ஏற மறுக்கிறது. பிக்சலில் கிராஃபீன் ஓஎஸ் என்ற இன்னொரு கஸ்டம் ரோமைப் போடுகிறவர்கள் பூட்டுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் தங்கள் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியையே பூட்லோடருக்குள் பதித்துவிட்டுத்தான் பூட்டுகிறார்கள், பிக்சல் அதற்கு இடம் கொடுக்கிறது. மற்றவர்கள் பூட்ட நினைத்தால் முதலில் முழு ஒரிஜினல் ஃபர்ம்வேரைப் போட்டு, அது நன்றாக ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான்.

[டேப்லெட் திரையில் மொழி தேர்வு.]

ஏறிவிட்டது. உடனே ஆப்களை வாரிப் போடாமல், வைஃபை, புளூடூத், இரண்டு கேமரா, ஸ்பீக்கர், திரையைச் சுழற்றினால் திரும்புகிறதா, இவ்வளவையும் ஒரு சுற்றுப் பாருங்கள். போன் என்றால் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து ஐஎம்இஐ வருகிறதா என்று பாருங்கள், பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏதாவது குறைந்தால் இப்போதே திரும்பிப் போவது சுலபம், உள்ளே இன்னும் எதுவும் சேரவில்லை. என் டேப்லெட்டில் எல்லாம் சரி, பின் கேமரா மட்டும் திறக்க மறுக்கிறது. இந்த ரோமுக்கு எந்த ஃபர்ம்வேர் பதிப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், என் டேப்லெட்டில் இருப்பது அதற்கு ஒரு படி பழையது. ஒரிஜினல் ஃபர்ம்வேர் இதோ, இந்தக் கோப்புறையில் இருக்கிறது. கேபிளை மறுபடி சொருகுகிறேன்.