பத்து விக்கெட்டுக்குப் பிறகு எட்டு வருடம்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பயிற்சி உடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம்தான் இதை முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி என்றதும் எல்லோரும் 255 என்பார்கள். ஒருநாள் போட்டிகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் அவை. ஒருநாள் கிரிக்கெட்டில் 250 விக்கெட்டைத் தொட்ட முதல் பெண் அவர்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. 12. இருபது வருடம் நாட்டுக்காகப் பந்து வீசியவருக்குக் கிடைத்த டெஸ்ட் போட்டிகள் பன்னிரண்டே பன்னிரண்டு.

1997 டிசம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் பெண்கள் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதின. எல்லைக்கோட்டுக்கு அருகே பந்து பொறுக்கிப் போடும் வேலையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. அவள்தான் ஜூலன். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துச் சக்தாஹாக்காரி, நல்ல உயரம். ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ஃபிட்ஸ்பேட்ரிக் ஓடிவந்து வீசும் வேகத்தைப் பார்த்துவிட்டு, நானும் இப்படித்தான் வீசப்போகிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். அப்புறம் விடியுமுன்பே லோக்கல் ரயில், கொல்கத்தாவில் பயிற்சி, மறுபடி ரயில். 2002 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. ஆம், நம் ஊரில்தான் தொடங்கினார்.

சரி, டெஸ்ட்டுக்கு வருகிறேன். 2006, இங்கிலாந்தின் டான்டன். முதல் இன்னிங்ஸில் 33 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 45 ரன்னுக்கு 5. மொத்தம் 78 ரன்னுக்குப் பத்து. அதற்கு முந்தைய லெஸ்டர் டெஸ்ட்டில் மட்டையாலும் 69 ரன் அடித்திருந்தார். அவர் வீச்சில்தான் இந்தியப் பெண்கள் இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்றார்கள். வயது 23. வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பு சொன்னபடி கேட்கும் பருவம்.

அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2014-இல். எட்டு வருடம்! காயமும் இல்லை, ஃபார்ம் போய்விடவும் இல்லை. இந்தியப் பெண்களுக்கு யாரும் டெஸ்ட்டே வைக்கவில்லை, அவ்வளவுதான். 2014 முடிந்ததும் மறுபடி 2021 வரை காத்திருப்பு. பத்து விக்கெட் எடுத்த பிறகு அவர் ஆடியது நான்கே டெஸ்ட். பன்னிரண்டில் 44 விக்கெட் எடுத்தவர் ஐம்பது ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே மனசு வலிக்கிறது.

ஆனாலும் அவர் ஓடிவருவதை நிறுத்தவில்லை. 2017-இல் ஒருநாள் போட்டிகளில் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் 180 விக்கெட் சாதனையையே தாண்டினார். அதே வருடம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக உலகக்கோப்பை இறுதிப்போட்டி. சாரா டெய்லர் கீப்பரிடம் கேட்ச். அடுத்த பந்திலேயே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. பிறகு அரைசதம் அடித்து நின்ற ஸ்கிவர். 10 ஓவர், 23 ரன், 3 விக்கெட். வயது 34. இதற்கு மேல் ஒரு பந்துவீச்சாளரிடம் என்ன கேட்க முடியும்? அப்படியும் நாம் 9 ரன்னில் தோற்றோம்.

2022 செப்டம்பரில் அதே லார்ட்ஸில் கடைசி ஆட்டம். அவர் மட்டை பிடிக்க வந்தபோது இங்கிலாந்து வீராங்கனைகள் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி வரவேற்றார்கள். உலகக்கோப்பை இல்லாமலேயே ஓய்வு பெற்றார்.

2025 நவம்பர் 2, நவி மும்பை. இந்தியப் பெண்கள் முதல்முறையாக உலகக்கோப்பையை வென்ற இரவு. கேப்டன் ஹர்மன்பிரீத்தும் மற்றவர்களும் மைதானத்தில் நின்ற ஜூலனைத் தேடிப் போய்க் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன்.