நார்மல் என்று வந்த 1.1

நேயர்களுக்கு வணக்கம்.

தாராவியில் ஒரு சின்ன கிளினிக்கில் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். போன மாதம் ஓர் அம்மா வந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வயது 65, ஒல்லியான உடம்பு, பத்து வருடமாகப் பிரஷர். ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, "டாக்டரம்மா, கிரியாட்டினின் 1.1. நார்மல்னுதான போட்டிருக்கு, பொறவு என்னத்துக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டார். அந்த 1.1 பற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கிரியாட்டினின் என்பது நம் தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவு. தசை குறைந்த உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும். ஆகவே 25 வயது வாலிபருக்கு 1.1 என்றால், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போடும், 2021இல் திருத்தப்பட்ட கணக்குப்படி, அவர் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லி வடிகட்டுகிறது. அதே 1.1 இந்த அம்மாவுக்கு வந்தால் 56தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ரிப்போர்ட்டில் அச்சடித்த நார்மல் எல்லைக்கு, எதிரில் இருப்பது வாலிபரா பாட்டியா என்பது தெரியாது. அதோடு, வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்குக் கிரியாட்டினின் எல்லையைத் தாண்டவே செய்கிறது.

அதற்கு முன்பே தகவல் சொல்லும் ஒன்று சிறுநீரில் இருக்கிறது. அல்புமின் என்கிற புரதம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிக்கின்றன. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் வருடக்கணக்கில் இந்த நுண்சல்லடைகளில் மோதினால் அவற்றின் துளைகள் தளர்ந்து, இரத்தத்திலேயே நிற்க வேண்டிய அல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் கவலையில்லை. 30 முதல் 300 வரை என்றால் எச்சரிக்கை. இதயத்துக்கும் ஆபத்து கூடியிருக்கிறது என்பதையும் இதே எண் காட்டும்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். சாதாரண யூரின் டெஸ்டில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்து அல்புமின் 'நில்' என்று எழுதுவார்கள். இந்த ஆரம்பக் கசிவு அந்தப் பட்டைக்குப் பெரும்பாலும் சிக்காது. அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் நுரைக்கட்டும், கால் வீங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும்போது அது ஆரம்பம் இல்லை.

"வீட்டுக்காரரும் இதே சோறுதான திங்காரு, அவருக்குப் பிரஷரே இல்லையே?" என்றும் அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. லூயிஸ் டால் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் எலிகளில் இரண்டு வம்சங்களை வளர்த்தெடுத்தார். ஒரே உப்புத் தீனிக்கு ஒன்றின் பிரஷர் எகிறியது, மற்றதற்கு ஏறவில்லை. பிறகு ஒரு வம்சத்தின் சிறுநீரகத்தை மற்றதற்கு மாற்றிப் பொருத்திப் பார்த்தார். பிரஷர் சிறுநீரகத்தின் பின்னாலேயே போனது. மனிதர்களிலும் உப்பைத் தாங்காத உடம்பு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. எங்கள் பகுதியில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அப்பளம் காயவைக்கும் பெண்கள் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது: உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், சாயங்கால வடா பாவ் என்று எல்லாவற்றிலும் அது ஏறிக்கொண்டே போகிறது. இன்னொன்று: 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். கிட்னி பழுதானவருக்கு அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

பரிசோதனைக்குக் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு இருக்கும்போது கொடுக்காதீர்கள். முந்தின நாள் மூட்டை தூக்கியிருந்தாலும் எண் கூடலாம். ஒரு தடவை கூடினால் பயப்படவும் வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வோம்.

அந்த அம்மாவுக்கு முதல் தடவை 140 வந்தது. இரண்டாம் தடவை 125. இந்தக் கட்டத்தில் பிரஷர் மாத்திரைகளிலேயே கசிவைக் குறைக்கும் வகை உண்டு, அதைத் தொடங்கியிருக்கிறேன். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போட்ட வலி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னேன். ஊறுகாய் ஜாடியை மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். "அவளுக்கும் பிரஷர் இருக்கா, பாத்தாச்சா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் மகளையும் அழைத்து வருகிறார்.

வணக்கம்.