தனிமரமும் கறிவேப்பிலையும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் வழங்கிய பெருமகனார் அவர்களே, பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

தனிமை உடம்பை, மனத்தை, இளையோரை என்ன செய்கிறது என்று மூன்று பகுதியாகப் பேசப் பணித்திருக்கிறார்கள். தனிமரம் தோப்பாகாது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

துணையில்லை என்று உணர்ந்த மூளை இரவுக் காவலாளி வேலையை எடுத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது; தூக்கம் துண்டு துண்டாகிறது; எட்டு மணி நேரம் படுத்தாலும் அலுப்புப் போவதில்லை. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறவு குறைந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் 29 விழுக்காடு கூடுதல், பக்கவாத அபாயம் 32 விழுக்காடு கூடுதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, ஆறில் ஒருவருக்குத் தனிமை என்கிறது.

மனத்துக்கு வருவோம். எதிர்வீட்டுக்காரர் அவசரத்தில் சிரிக்காமல் போனால், தனிமையில் வாடுபவருக்கு ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று தோன்றும். மறுநாள் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் உண்மையாகவே பேச்சு நின்றுவிடும். வீடு நிறைய ஆளிருந்தும் இது வரும். ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறதே!

ஒரு கதை சொல்வார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடை. தினமும் ஒரு பாட்டி வருவார், ஐம்பது காசுக்குக் கறிவேப்பிலை. மழையா, குடையோடு வருவார். தீபாவளிக்கு மறுநாளா, கடை திறக்குமுன் நிற்பார். கறிவேப்பிலையை வாங்கிவிட்டு முருங்கைக்காய் விலை கேட்பார், வாங்கமாட்டார். கடைக்காரப் பிள்ளைக்கு எப்போது கல்யாணம் என்பார். பொறுத்துப் பார்த்த கடைக்காரர், “பாட்டி, ஒரு கன்று தர்றேன், வீட்டிலேயே வையுங்க” என்றார். பாட்டி சொன்னார்: “வாசல்ல மரமே நிக்குது தம்பி. அது பேசமாட்டேங்குதே!”

கைதட்டுகிறீர்கள். அந்தப் பாட்டிக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? தனிமரம் தோப்பாகாது, சரி. தோப்பு வைக்க இடம்?

இதே மண்டபம் முகூர்த்தமில்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. செவ்வாய், வியாழன் காலை 9 முதல் 11.30 வரை திறந்தால் போதும். நாளையும் நேரத்தையும் மாற்றக்கூடாது; மாற்றினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். முதலில் பத்துப் பேர். நாற்காலிகளை வரிசையாகப் போடாதீர்கள், வட்டமாகப் போடுங்கள். சொற்பொழிவு வேண்டாம் (நான் உட்பட). பூக்கட்டுவது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது என்று கைக்கு வேலை கொடுங்கள். குறிப்பாக ஆண்கள், ‘சும்மா பேச வாருங்கள்’ என்றால் வரமாட்டார்கள். ‘மின்விசிறி ஓடவில்லை, பார்க்க முடியுமா’ என்றால் வருவார்கள். மாடிவீட்டில் லிஃப்ட் பழுதானால் இறங்கவே முடியாதவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தனியாக. கழிவறையில் கைப்பிடி அவசியம். வழுக்கி விழப் பயந்தே பலர் வெளியே கிளம்புவதில்லை.

வருகைப் பதிவேடு ஒன்று. இரண்டு முறை ஒருவர் வராவிட்டால் அன்று மாலையே தொலைபேசி. எடுக்காவிட்டால் கதவைத் தட்ட வேண்டும். சாப்பாடு, தூக்கம் விட்டுப்போய் இரண்டு வாரமானால் கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். பேச ஆளில்லாதவர்களுக்கு மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். இளையோர் பற்றிய பகுதி அடுத்த மேடைக்கு. டத்தோ அவர்களே, நான் இறங்குவதற்குள் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?