ஃபேன் போட்டால் குரல் மாறும்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாக ஒரு மென்பொருள் வானொலிப் பலகை செய்ய என்னென்ன உதிரிபாகம் வாங்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டெனாவில் வரும் அலையைச் சீக்கிரமே எண்களாக்கிவிட்டு, மிச்ச வேலையைக் கணினியிடம் தள்ளிவிடும் ரேடியோ இது. பழைய ரேடியோவில் காயிலைத் திருகிச் செய்ததெல்லாம் இதில் கணக்கு.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சிப் சார் வாங்கலாம்?" சிப் கிடக்கட்டும். முதல் காசு கிறிஸ்டலுக்கு.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. என் முதல் பலகையில் அலையைப் பிடிக்க ஆர்820டி டியூனர், அதை எண்களாக்க ஆர்டிஎல்2832யு சிப், இரண்டுக்கும் தாளம் போட 28.8 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல். கடையில் டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்கிக் கொடுத்த சாதா கிறிஸ்டல்தான். ராத்திரியில் 144 மெகாஹெர்ட்ஸில் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ நண்பர் ஒருவர், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் பேசுவார். திடீரென்று அவர் குரல் மூக்கடைத்த மாதிரி ஆகும். கொஞ்ச நேரத்தில் சரியாகும். மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், ஆன்டெனா ஒயரைச் சந்தேகப்பட்டேன், ஒருநாள் நண்பரிடமே "சளியா?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. ஃபேன் நின்றது, குரல் மெல்ல மெல்ல நழுவியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைப் போர்த்தினேன். கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது. குரல் அசையவில்லை! கிறிஸ்டலுக்குக் காற்று பட்டு, சூடு மாறி, சுருதி தப்பியிருக்கிறது.

கணக்கு லேசானது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால், அதைத்தான் 1 பிபிஎம் என்கிறோம், 144 மெகாஹெர்ட்ஸில் 144 ஹெர்ட்ஸ் விலகும். சாதா கிறிஸ்டல் 20, 30 பிபிஎம்கூட விலகும். வெப்பத்துக்கு ஈடுகட்டும் டிசிஎக்ஸ்ஓ வாங்கினால் அரை பிபிஎம்முக்குள் நிற்கும். விலை கூடத்தான். தம்புராவே சுருதி விலகினால் பாடகர் என்ன செய்வார்? அதனால் திரும்பவும் சொல்கிறேன், முதல் காசு கிறிஸ்டலுக்கு. வாங்கினாலும் பலகையில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், அது சூடாகும்.

அடுத்த காசு ஃபில்டருக்கு. அலையை எண்களாக்கும் அந்தச் சிப் 8 பிட். 8 பிட் என்றால் மொத்தம் 256 படி. கோயில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பக்கத்து ஆள் காதில் கிசுகிசுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? 88 முதல் 108 வரையுள்ள எஃப்எம் நிலையங்கள்தான் அந்தக் குழாய். அத்தனை படியையும் அவையே ஏறி உட்கார்ந்துகொள்ளும், கிசுகிசுப்புக்குப் படியே மிஞ்சாது. அவற்றைத் தடுக்கும் ஃபில்டரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே வையுங்கள். நான்கைந்து காயில், கப்பாசிட்டர், அவ்வளவுதான். எஃப்எம்மில் பேசிக்கொண்டே எஃப்எம்மைத் தடுக்கச் சொல்கிறேன், நிலையத்தார் மன்னிக்கணும்.

பவர் சப்ளை பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: ஸ்விட்சிங் ரெகுலேட்டர் மின் இரைச்சல் போடும், அதற்குப் பின்னால் சிக்னல் பகுதிக்குத் தனியாக எல்டிஓ என்கிற இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர் ஒன்று போடுங்கள். ஃபில்டர் கப்பாசிட்டர் சி0ஜி வகையாகக் கேட்டு வாங்குங்கள், எக்ஸ்7ஆர் வேண்டாம், அதற்கும் ஃபேன் வியாதி உண்டு. அடியில் உலோகப் பட்டை இருக்கிற சிப் கை சால்டருக்குச் சுலபத்தில் படியாது, எதிலும் ஒன்று கூடுதலாக... ஒரு விரல் காட்டுகிறார்கள். வணக்கம்.